வால் பிடித்தவர்கள்

செப்புத் தகட்டைப் பாத்திரக்கடைத் தெருவில்
எடைக்கு வாங்கினேன்.
குடத்துக்கு ஆகாமல் மிஞ்சிய துண்டு,
இரண்டு உள்ளங்கை விரித்தால் மூடிவிடும்.
மெழுகு பூசி, விளக்குப் புகையில் கறுக்கவைத்து
ஊசியை எடுத்தேன்.

அரசலாற்று மணலில் பார்த்ததுதான்.
வைகாசி, பகல் பதினொரு மணி,
கல்யாணத்துக்கு முன்பே கல்யாணப் படம்.
இளம்பரிதிக்குக் கம்பளிக் கோட்டு.
பனி பெய்கிற ஊருக்கென்று நெய்த துணி.
இரண்டு கக்கத்திலும் ஈரம்
தேசப்படமாய்ப் பரவிக்கொண்டிருந்தது.
இடது பக்கம் ஏறக்குறைய இலங்கை.

தேன்மலருக்குக் கவுன்.
கவுனுக்கு வால், பதினெட்டு முழம்.
அத்தனை துணியில் மடிசாரே கட்டலாம்,
மணலிலாவது புரளாது.
வாலைத் தூக்க அத்தை மகன்கள் நால்வர்.
நால்வர் ஜீன்ஸிலும் முழங்கால் கிழிசல்,
கிழிசலோடு மூவாயிரம்.

சூளைக்குப் போய்க்கொண்டிருந்த மாசிலாமணி
சைக்கிளை நிறுத்தினான்.
அவர்கள் முழங்காலைப் பார்த்தான்.
தன்னுடையதைப் பார்த்தான்.
மிதித்துக்கொண்டு போய்விட்டான்.

வரைந்தேன், கொஞ்சம் கூட்டித்தான்.
வாலை ஊசி போன போக்கில் நீளவிட்டேன்.
கருவேலம் புதரைச் சுற்றி, கரையேறி,
காய்கறிச் சந்தைக்குள் நுழைந்து வெளியே வந்து,
தஞ்சாவூர் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களின்
காலை இடறிக்கொண்டு போயிற்று.
வட்டாட்சியர், மூன்று கவுன்சிலர்கள்,
நகை அடகுக்கடைக்காரர், அவர் மச்சினர்
ஆளுக்கொரு முழம் பிடித்திருந்தார்கள்.
எதற்கென்று ஒருவருக்கும் தெரியாது.
முன்னால் இருப்பவர் பிடித்திருக்கிறார்,
அதனால்.

கடைசி முழத்தை ஓர் ஆடு பிடித்திருந்தது.
வாயால்.
அந்த ஆடு மட்டும் கற்பனை இல்லை.
ஒரு சாண் லேஸைத் தின்றுவிட்டு
மறு சாணுக்கு வந்ததை நானே பார்த்தேன்.

தகட்டை அமிலத்தில் இறக்கி
கொக்கிறகால் குமிழிகளை ஒதுக்கும்போது தெறித்தது.
கதர்ச் சட்டையில் ஐந்தாறு ஓட்டை.
விட்டுவிட்டேன்.
ஊரைக் கேலி செய்கிறவனுக்கு
உடுப்பு ஒரு கேடா?

ஈரத்தாள் வைத்து உருளையில் தள்ளினேன்.
திருப்பி வரைய மறந்த ஒன்று அப்போதுதான் தெரிந்தது:
கிழக்கே போகவேண்டிய ஆறு
தாளில் மேற்கே போயிருந்தது.
யாரும் கண்டுபிடிக்கவில்லை.
வந்த தண்ணீர் திரும்பிப் போவது
இந்தப் பக்கம் அதிசயமில்லை.

பத்துப் பிரதி. நூலக அறையில் மாட்டினேன்.
கவுன் தைத்த கடையின் முதலாளி மதுரவேணி
தஞ்சாவூரிலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்தார்.
திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.
அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி
வாலின் நுனிக்கு முகத்தைக் கொண்டுபோனார்.
'இந்தக் கடி எத்தனை பல்?' என்றார்.

ஆடி பிறந்தபோது கடைக் கண்ணாடிக்குள்
பொம்மையின் இடுப்பிலிருந்து இறங்கியது புதுத் துணி.
பெயர் 'மேய்ச்சல் கரை.'
தள்ளுபடி கிடையாது.
என் பத்துப் பிரதியும்
உடை மாற்றும் அறைகளில் தொங்குகின்றன.
விற்றேன். ஆமாம்.
வாடகை மூன்று மாதம் நின்றிருந்தது.

ஆவணியில் கல்யாணம்.
என்னையும் அழைத்திருந்தார்கள்.
இருந்த ஒரே நல்ல சட்டை அந்தக் கதர்தான்.
பந்தியில் பக்கத்து இலைக்காரன், வால் தூக்கிய நால்வரில் ஒருவன்,
சட்டையின் ஓட்டைக்குள் விரல் விட்டுப் பார்த்தான்.
'எந்தக் கடை, சார்?'

சிரித்திருக்கலாம்.
வாயில் ரசம் சாதம்.
விழுங்கியபின் நான் சொன்னது:
'நானே போடுவது. ஓட்டைக்கு இருநூறு.'

தொட்டியருகே கொடியில் இப்போது ஒன்பது சட்டைகள்.
செம்பு வாங்கி வெகுநாளாயிற்று.

இன்னொன்றும் இன்று காலைதான் நினைவுக்கு வந்தது.
அன்று ஆட்டுத் தாடி சரியாக வரவில்லை.
இரண்டு தரம் அழித்தேன்.
மூன்றாம் தரம்
கண்ணாடியை எதிரே வைத்துக்கொண்டு
என்னுடையதைப் பார்த்து வரைந்தேன்.